மொரோ ஆன்ட்டி படிச்ச படிப்பு

– இல்ல தெனி, நான் உள்ள போகல. போய் ஒரு டாக்சியைப் பிடி, வீட்டுக்குப் போயிடலாம்.

– டாக்சியைப் பிடிக்க முடியாது, ஆன்ட்டி. கை காட்டி நிறுத்தத்தான் முடியும்.

– சரி தாயே, நிறுத்து.

– நிறுத்தமாட்டேன். இன்னும் கொஞ்ச நேரத்துல உங்களுக்கு வாய்மொழித் தேர்வு. அதுக்கு முன்னாடி வீட்டுக்குப் போறது திட்டத்துல இல்ல.

– திட்டம் கிடக்கட்டும்! உள்ள மூணு பேராசிரியர்கள் என் ஆய்வேட்டைப் பிரிச்சு வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. நடுவுல யாருன்னு நினைக்கறே? அதெகோயா. கஞ்சி போட்ட அக்பாடா அங்கியில, விரிச்ச குடை மாதிரி. நாற்பது தாண்டின பொம்பளைக்கு இதெல்லாம் தேவையா? வயித்தைக் கலக்குது.

– நீங்க காலையில சாப்பிடல. கலக்கறதுக்கு வயித்துல ஒண்ணும் இல்ல.

– சிரிக்க வைக்காதே.

– நான் சிரிப்புக்காகச் சொல்லல.

– தெரியும் கண்ணு. அதனாலதான் சிரிப்பு வருது.

– சிரிச்சீங்க. இப்ப மூச்சு கொஞ்சம் மெதுவா வருது. பயத்துக்கு ஒரு பேர் வைங்க. நான் உங்ககிட்ட வந்த புதுசுல நீங்க என்னைப் பேர் வைக்கச் சொல்வீங்க.

– நீ ஜெனரேட்டர் சத்தத்துக்குப் பயந்து மேசைக்கடியில போய் உட்காருவே. அதுக்கு 'கத்தற ஆடு'ன்னு பேர் வச்சே. என் பயத்துக்கு என்ன பேர் வைக்கிறது? அதெகோயான்னே வச்சுக்கோ.

– அவர் உங்களை அடிச்சாரா?

– அடிச்சிருந்தா மறந்திருப்பேன். இதே முதுகலைக்கு இதுக்கு முன்னாடி ரெண்டு தடவை சேர்ந்து, ரெண்டு தடவையும் புள்ளியியல் தாள்ல விழுந்தேன் இல்ல? இந்தத் தடவைதான் தேறினேன், திருத்தினது வேற ஆள். அந்த ரெண்டாவது தடவை அவர் அறைக்குப் போய்க் கெஞ்சினேன். என்ன சொன்னார் தெரியுமா? 'அம்மா, பூஜ்ஜியத்தை எந்தப் பக்கம் வைக்கறதுன்னு உங்களுக்கே தெரியல. நீங்க போய்க் குழந்தைகளுக்கு என்னத்தைச் சொல்லிக் குடுக்கறீங்க?'

– அது தப்பான கேள்வி. நீங்க எங்களுக்குப் பூஜ்ஜியம் சொல்லிக் குடுக்கல.

– அன்னிக்கு வெளிய வந்து இதே பாதாம் மரத்தடியிலதான் உட்கார்ந்து அழுதேன். இந்த மரத்துக்கு என்னைப் பார்த்துப் பார்த்துச் சலிச்சுப் போயிருக்கும்.

– மரத்துக்குச் சலிக்காது. ஆன்ட்டி, ஒரு கேள்வி. உங்களுக்கு எண்கள் எப்படி வருதுன்னு அவருக்குத் தெரியுமா?

– எங்க சொல்லவிட்டார்? பள்ளிக்கூடத்துல ஆரம்பிச்ச கதை அது. அறுபத்தொன்பது எழுதச் சொன்னா தொண்ணூத்தாறு எழுதுவேன். கணக்கு வாத்தியார் எனக்கு 'தலைகீழ் மொரோ'ன்னே பேர் வச்சார். மீதிக் காசு வாங்கத் தெரியாதுன்னு எங்கம்மா என்னைக் கடைக்கே அனுப்பமாட்டாங்க. வரலாறு, இலக்கியம், மதபோதனை எல்லாத்துலயும் நான்தான் முதல். கணக்கு மட்டும் குப்புற. பள்ளி இறுதித் தேர்வையே எழுதி எழுதிக் கை வலிச்சுது.

– அப்புறம் ஓயோ ஊர்க் கல்லூரி.

– ஆமா, ஓயோ. எங்கப்பா வக்கீலுக்குப் படிக்கச் சொன்னார். இடம் கிடைக்கல. கிடைச்சது சிறப்புக் கல்வி ஆசிரியர் பயிற்சி. 'மூளை சரியில்லாத பிள்ளைகளுக்கு வாத்தியாரம்மா ஆகப் போறியா'ன்னு வீட்ல ஒரு மாசம் யாரும் முகம் குடுத்துப் பேசல. நான் என்னமோ தண்டனைக்குப் போற மாதிரிதான் போனேன். அங்க ரெண்டாம் பருவத்துல ஒரு நாள் ஒரு அம்மா பாடம் எடுக்கறாங்க. சில பேருக்குக் கண்ணும் சரி, புத்தியும் சரி, எண்கள் மட்டும் நிக்காம நழுவும்னு சொல்லி, பலகையில ஒவ்வொண்ணா எழுதறாங்க. அவ்வளவும் நான், தெனி. என் ஜாதகத்தை யாரோ வாசிக்கற மாதிரி. வகுப்பு முடிஞ்சு எல்லாரும் எழுந்து போனாங்க. எனக்குக் கால் வரல.

– கால் உங்க உடம்புலதான் இருக்கு. எழுந்திருக்க முடியலன்னு அர்த்தம்.

– அதேதான். அன்னிக்குதான் நான் மக்கு இல்லன்னு எனக்கே தெரிஞ்சுது. அப்புறம் பட்டப்படிப்பு, பள்ளிக்கூட வேலை, உன்னை மாதிரிப் பிள்ளைங்களுக்கு நான் நடத்தற நம்ம மையம், எல்லாம் அந்த ஒரு பாடத்துல புறப்பட்டு வந்ததுதான். ஆனா இந்த முதுகலை மட்டும் தொண்டையில மாட்டின மீன் முள். இது இல்லன்னா மையத்துக்கு அனுமதி புதுப்பிக்கமாட்டோம்னு அரசாங்கத்துல சொல்லிட்டாங்க. பிள்ளைங்க எல்லாம் எங்க போகும்? சொல்லு, எங்க போகும்?

– ஆன்ட்டி, நீங்க ஒரே தடவையில எல்லாத்தையும் யோசிக்கிறீங்க. தேர்வைப் பத்தி யோசிக்காதீங்க. கதவு வரைக்கும் நடங்க.

– அப்புறம்?

– கதவைத் தட்டுங்க.

– அப்புறம்?

– அது கதவைத் தட்டினப்புறம் பார்க்கலாம்.

– ஏய், இது என் வசனம்டி! பெரியவங்களைப் பார்த்தா மண்டி போட்டு வணக்கம் சொல்றதுக்கு உனக்கு இப்படித்தான் சொல்லிக் குடுத்தேன். முதல்ல பாதத்தைப் பாரு, அப்புறம் முட்டியை மடக்கு, அப்புறம் பார்க்கலாம்னு.

– ஆமாம். நல்ல வசனம். அதனால வச்சுக்கிட்டேன். சின்சின் டப்பாவை மறக்காதீங்க. பேராசிரியர்களுக்குப் பலகாரம் குடுக்கணும்.

– உங்கம்மா விடியக்காலையில எழுந்து பொரிச்சது. சரி. கதவு வரைக்கும்தானே?

– கதவு வரைக்கும்.

*

– கோச்சம்மா! கோச்சம்மா! மிளகாய் மேல ஆணை, ஓடி வந்ததுல மூச்சே நின்னுடும் போல இருக்கு. மிளகாய்க் கடையைப் பக்கத்துக் கடைக்காரிகிட்ட விட்டுட்டு வந்தேன். என்ன ஆச்சு? முகத்தைப் பார்த்தா அழுத மாதிரியும் இருக்கு, சிரிச்ச மாதிரியும் இருக்கு. என் பொண்ணு எங்க?

– உட்காருங்க தெனி அம்மா. அவ உள்ள இருக்கா.

– உள்ளயா? தேர்வு உங்களுக்கா அவளுக்கா?

– எனக்கு முடிஞ்சுது. இப்ப அவளைக் கூப்பிட்டிருக்காங்க.

– ஏ ஆண்டவரே! என்ன தப்பு பண்ணினா? யாரையாவது 'உங்க வாய் நாறுது'ன்னு சொல்லிட்டாளா? போன வாரம் பாஸ்டர்கிட்ட அப்படித்தான் சொன்னா.

– ஒரு தப்பும் பண்ணல. கேளுங்க, முதல்லேர்ந்து சொல்றேன். உள்ள போனதும் அதெகோயா தலை நிமிரவே இல்ல. பக்கத்தைப் புரட்டிக்கிட்டே கேட்கறார். 'இந்த அட்டவணையை எல்லாம் யார் போட்டுக் குடுத்தது? எவ்வளவு குடுத்தீங்க?'

– என்னது? காசு குடுத்து வாங்கினதுன்னா?

– அப்படித்தான். 'நான் திருத்தின உங்க பழைய விடைத்தாள் எனக்கு ஞாபகம் இருக்கு. அதை எழுதின கை இதை எழுதியிருக்காது'ன்னார். மத்த ரெண்டு பேரும் ஜன்னலைப் பார்க்கறாங்க.

– நான் இருந்திருந்தா அந்தக் குடை அங்கியைப் பிடிச்சு...

– நீங்க இல்லாததும் நல்லதாப் போச்சு. எழுந்து ஓடிடலாமான்னு கதவைப் பார்த்தேன். அப்ப நினைச்சேன், இந்தக் கதவு வரைக்கும்தானே தெனி வரச் சொன்னா, அதுதான் வந்தாச்சே, இனிமே என்ன பயம்னு. 'சார், நான்தான் போட்டேன்'னேன். 'அப்படின்னா எழுந்து வந்து பலகையில திட்ட விலக்கத்தைப் போட்டுக் காட்டுங்க'ன்னார்.

– திட்டறதுக்கு ஒரு கணக்கு வேறயா?

– ஐயோ தெனி அம்மா, திட்டறது இல்ல! எல்லாம் ஒண்ணுபோல இருக்கா, இல்ல தாறுமாறா இருக்கான்னு அளக்கற கணக்கு. நான் சொன்னேன், 'சார், எண்ணை எழுதச் சொன்னா என் கையில தலைகீழா வரும். பள்ளிக்கூடத்துலேர்ந்தே அப்படித்தான். அதுக்குப் பேர் இருக்கு, அதைப் பத்திப் படிச்சுதான் நான் பட்டம் வாங்கினேன். என் வழியில காட்டலாமா?' அவர் தலையசைச்சார், காட்டுங்கன்னு. நான் சின்சின் டப்பாவைத் திறந்தேன்.

– என் சின்சினையா?

– உங்க சின்சினைத்தான். பலகாரத்துக்குக் கொண்டுபோன தட்டெல்லாம் மேசையில வரிசையாப் பரப்பி, ஒரு தட்டுல கொஞ்சம், ஒரு தட்டுல நிறைய, ஒண்ணுல நடுத்தரமா வச்சேன். எல்லாத்தையும் கலந்து சமமாப் பிரிச்சா ஒரு தட்டுக்கு எவ்வளவு வரும்? அது சராசரி. இப்ப ஒவ்வொரு தட்டும் அந்தச் சராசரியிலேர்ந்து எவ்வளவு தள்ளி நிக்குது? கூடுதலா இருக்கறதையும் குறைவா இருக்கறதையும் அப்படியே கூட்டினா ஒண்ணை ஒண்ணு தின்னுடும், மிச்சம் பூஜ்ஜியம். அதனாலதான் ஒவ்வொண்ணையும் அதாலயே பெருக்கறோம்னு, சின்சினைச் சதுரம் சதுரமா அடுக்கிக் காட்டினேன்.

– இருங்க, இருங்க. நீங்களும் அவளும் மாசக்கணக்கா என் கடையில உட்கார்ந்து மிளகாய்க் குவியலை எல்லாம் கலைச்சுக் கலைச்சு அடுக்கினீங்களே, வர்றவங்க எல்லாம் 'இந்தக் குவியல் விலைக்கா விளையாட்டுக்கா'ன்னு கேட்டுட்டுப் போனாங்களே, அதுவா இது?

– அதுவேதான்! என் புள்ளியியல் புத்தகத்தை அவளே படிச்சுப் புரிஞ்சுக்கிட்டு எனக்குச் சொல்லிக் குடுத்தா. நான் அழுதா அவ நிறுத்துவா. கண்ணைத் துடைச்சதும், 'இப்ப இந்த ஒரு குவியல் மட்டும்'பா. ஒரு நாளும் சலிச்சுக்கல. எல்லாரும் அவளை ஏதோ மந்திரக்காரின்னு நினைக்கறாங்க. மந்திரமும் இல்ல, மாயமும் இல்ல. எனக்குப் புரியற வரைக்கும் விடாம உட்கார்ந்திருந்தா. எத்தனையோ வாத்தியார்கிட்டப் படிச்சேன், அந்த ஒண்ணு மட்டும் யார்கிட்டயும் கிடைக்கல.

– அப்புறம் அந்தக் குடை என்ன சொல்லிச்சு?

– கேளுங்களேன், நான் அடுக்கிக்கிட்டே இருக்கேன், பக்கத்துல இருந்த பெரியவர் கையை நீட்டி ஒரு தட்டுலேர்ந்து எடுத்து வாயில போட்டுக்கிட்டார். எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்துதோ, 'சார், நீங்க இப்ப சராசரியையே மாத்திட்டீங்க'ன்னுட்டேன்!

– ஹா ஹா! வாயில போட்டதும் தெரிஞ்சிருக்கும், யார் பொரிச்சதுன்னு!

– அறையே சிரிச்சுது. அதெகோயா சிரிக்கல. எழுந்து வந்து, தட்டுகளைச் சுத்திச் சுத்திப் பார்த்தார். என் அட்டவணையை எடுத்துக் குறுக்கு விசாரணை மாதிரி ஒண்ணு ஒண்ணாக் கேட்டார். எல்லாத்துக்கும் சொன்னேன். வாயால சொன்னேன், தட்டுல காட்டினேன். கடைசியில அப்படியே நாற்காலியில உட்கார்ந்து, 'நான் முப்பது வருஷமா இதைப் பலகையில மட்டும்தான் எழுதிக்கிட்டிருக்கேன்'னார். அப்புறம்தான் கேட்டார், 'உங்களுக்கு இதைச் சொல்லிக் குடுத்தது யார்? எந்தப் பல்கலைக்கழகம்?'

– நீங்க என்ன சொன்னீங்க?

– 'பொடிஜா சந்தை, மிளகாய்க் கடை'ன்னேன்.

– ஏஏஏ! என் கடை! என் கடைப் பேரை உள்ள சொன்னீங்களா!

– 'சொல்லிக் குடுத்தவளுக்கு வயசு பத்தொன்பது. என் மாணவி. ஆட்டிசம்னு பேர் தெரியாத பள்ளிக்கூடம் எல்லாம் இவளுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு வெளிய அனுப்பின பொண்ணு. வாசல்ல பாதாம் மரத்தடியில உட்கார்ந்திருக்கா'ன்னேன்.

– கோச்சம்மா, தேர்வு? தேறிட்டீங்களா இல்லையா? அதைச் சொல்லாம ஊர்க்கதை எல்லாம் சொல்றீங்களே!

– தேறிட்டேன், தெனி அம்மா. ஒரு திருத்தம் கூட இல்லாம.

– அல்லேலூயா! ஏ ஜனங்களே, எங்க கோச்சம்மா தேறிட்டாங்க! என்ன பார்க்கறீங்க பிள்ளைங்களா, வந்து கூட ஆடுங்க!

– ஐயோ, தலைக்கட்டு அவிழுது, எல்லாரும் பார்க்கறாங்க...

– பார்க்கட்டும்! பார்க்கட்டும்னுதான் ஆடறேன்! மையத்தை இனிமே எவன் மூடறான்னு பார்க்கலாம். உங்களுக்குத் தெரியுமா, உங்க வாசல்ல 'கோச்'னு போட்டிருந்ததைப் பார்த்து, ஏதோ பந்து விளையாட்டு சொல்லித் தர்ற இடம்னு நினைச்சுதான் இவளைக் கூட்டிட்டு வந்தேன். அதுக்கு முன்னாடி மலைமேல போய் உபவாசம், எண்ணெய், தண்ணி, தீர்க்கதரிசின்னு சொன்னவன் காலெல்லாம் விழுந்தாச்சு. ஓடவாவது கத்துக்கட்டும்னு வந்தேன்.

– நானும் பந்து எங்கன்னு நீங்க கேட்டதை மறக்கல.

– இப்ப சிரிப்பா இருக்கு. அன்னிக்கு இவ கைக்கு எட்டினதை எல்லாம் தூக்கி எறிஞ்சா, நீங்க மட்டும் 'சத்தம் அதிகமா இருக்கா கண்ணு'ன்னு கேட்டீங்க. அதுவரைக்கும் எல்லாரும் என்கிட்டதான் கேட்பாங்க, 'இவளுக்கு என்ன'ன்னு. அவளைக் கேட்டது நீங்கதான். ஆமா, இப்ப உள்ள தனியாவா இருக்கா? மூணு புது ஆளுங்க கூடவா? நீங்க ஏன் கூடப் போகல?

– கதவு வரைக்கும் போனேன். என்னைத் தாண்டி அவளே நுழைஞ்சுட்டா. எனக்கும் உள்ளுக்குள்ள அடிச்சுக்குதுதான்.

– நீங்க பக்கத்துல இருந்தா எனக்குக் கவலை இல்ல. மிளகாய் மேல ஆணையாச் சொல்றேன், நாளைக்கு நான் கண்ணை மூடினாலும் நீங்க அவ கூட இருப்பீங்கன்னுதான் நிம்மதியாத் தூங்கறேன்.

– இருப்பேன் தெனி அம்மா. எங்க போகப் போறேன்? அதோ, கதவு திறக்குது.

*

– தெனி! வா, வா. என்னடி கேட்டாங்க?

– யார் கேட்டது, அம்மா? உள்ள மூணு பேர் இருந்தாங்க.

– எல்லாரும்தான்! அந்தக் குடை அங்கிக்காரர் என்ன கேட்டார்?

– அவர் பேராசிரியர் அதெகோயா. முதல்ல அவர் நாற்காலி கிரீச் கிரீச்னு சத்தம் போட்டுது. எனக்குக் காது வலிக்குது, வேற நாற்காலியில உட்காருங்கன்னு சொன்னேன்.

– போச்சு! பேராசிரியரையா?

– மாத்தி உட்கார்ந்தார். அப்புறம் 'நன்றி'ன்னு நான் சொன்னேன். ஆன்ட்டி, 'தயவுசெஞ்சு' விட்டுப் போச்சு. அது பரவாயில்லையா?

– பரவாயில்ல கண்ணு. ரொம்பப் பரவாயில்ல. அப்புறம்?

– 'உங்க ஆன்ட்டி மொரொலாயோவுக்குப் புள்ளியியல் வராதுன்னு நான் நினைச்சேன், அவங்களுக்கு வரும்னு உனக்கு எப்படித் தோணுச்சு'ன்னு கேட்டார். எனக்கு அப்படி எதுவும் தோணலன்னு சொன்னேன். ஆன்ட்டிக்குப் புரியல, அதனால வேற மாதிரி சொன்னேன். அதுவும் புரியல, அதனால மறுபடி வேற மாதிரி சொன்னேன். மிளகாய்ல புரிஞ்சுது, நிறுத்திட்டேன். அவ்வளவுதான்னு சொன்னேன்.

– அதுக்கு அவர் என்ன சொன்னார்?

– கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். அது அழுக்கா இல்ல. அப்புறம் சொன்னார், இங்க புள்ளியியல்ல விழுந்து விழுந்து படிப்பையே விட்டுட்டுப் போறவங்க ஒரு வகுப்பு நிறைய இருக்காங்களாம். புதன்கிழமைதோறும் வந்து அவங்களுக்குச் சொல்லிக் குடுப்பியான்னு கேட்டார். சம்பளம் உண்டுன்னார்.

– என்னது! இந்தப் பல்கலைக்கழகத்துலயா? என் பொண்ணா? நீ என்னடி சொன்னே?

– மிளகாய் யார் வாங்கித் தருவாங்கன்னு கேட்டேன்.

– அட என் ராசாத்தி!

– துறையே வாங்கும்னார். எங்க அம்மா கடையிலதான் வாங்கணும்னு சொன்னேன். சரின்னார். பள்ளி இறுதித் தேர்வைத் தனியா எழுதினா இங்கயே படிக்கவும் சேரலாம்னு பக்கத்துல இருந்த பெரியவர் சொன்னார். அமைதியான அறை ஏற்பாடு பண்ணுவாங்களாம். அதை யோசிச்சுச் சொல்றேன்னேன். புதன்கிழமைக்கு மட்டும் இப்பவே சரின்னுட்டேன்.

– கோச்சம்மா, கேட்டீங்களா? உங்களுக்கும் பட்டம், இவளுக்கும் வேலை, ஒரே நாள்ல! புதன்கிழமை காலையில நீங்களே வந்து இவளைக் கூட்டிட்டு வந்துடுங்க. இந்த மரத்தடியில உட்கார்ந்து பார்த்துக்கோங்க, நான் சாப்பாடு கட்டித் தந்துடறேன்.

– இதைச் சொல்லணுமா, தெனி அம்மா? மையத்துல புதன்கிழமையை மாத்தி வச்சுக்கறேன். வகுப்பு முடியற வரைக்கும் இங்கயே இருக்கேன்.

– வேண்டாம், ஆன்ட்டி.

– ஏன் கண்ணு? வெயில் எல்லாம் எனக்கு ஒண்ணும் பண்ணாது.

– வெயிலுக்காக இல்ல. எனக்கு வழி தெரியும். பொடிஜாவுல மைக்ரா டாக்சி ஏறணும், பெரிய கேட்டுல இறங்கணும், அப்புறம் நேரா நடக்கணும். அறையும் பார்த்துட்டேன். ஜெனரேட்டர் இந்தப் பக்கம் இல்ல.

– தனியாவா? நீயா? கோச்சம்மா, என்னங்க இவ சொல்றா? நீங்க கொஞ்சம் சொல்லுங்களேன்!

– தெனி அம்மா, கொஞ்சம் இருங்க. எனக்கு... கொஞ்சம் இருங்க.

– ஆன்ட்டி, நீங்க அழறீங்க. தேர்வு முடிஞ்சு போச்சே. இது எந்த அழுகை?

– இது நல்ல அழுகைடி. ரொம்ப நல்ல அழுகை.

– சரி. அப்ப சொல்லலாம். மையத்துல புதன்கிழமை என் இடம் காலி, ஆன்ட்டி. வேற ஒரு பிள்ளையைச் சேர்த்துக்கோங்க.